இங்கிலீஷ் படத்துக்குச் சாத்தூர்த் தமிழ்

சினிமாக் கொட்டகைப் படம் தானே பேசிக்கொள்ளும். எங்கள் வேனில் வந்த படத்துக்கு ஓர் ஆள் பக்கத்தில் நின்று பேச வேண்டும், அந்த ஆள் நான்.

ஐம்பதுகளின் நடுவில் சாத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராக இருந்தேன். அப்போது கல்வி இலாகாவுக்கு ஒரு வேன் வந்தது. உள்ளே புரொஜெக்டர், ஜெனரேட்டர், சுருட்டிவைத்த வெள்ளைத் திரை, தகர டப்பாக்களில் விஞ்ஞானப் படங்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாம் சரி, படம் முழுக்க இங்கிலீஷ். இங்கிலீஷும் சயன்ஸும் தெரிந்து, ஊர் ஊராக அலையவும் துணிந்த ஒரு வாத்தியாரைத் தேடினார்கள். அலைச்சல் என்றதும் ஆண்கள் எல்லாருக்கும் முதுகுவலி வந்துவிட்டது. எங்கள் தலைமையாசிரியை என்னைக் கேட்காமலேயே என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்.

வேனில் என்னோடு இருவர். ஆபரேட்டர் பிச்சைமணி, தன் மிஷினைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாதவர். டிரைவர் தாவீது அண்ணாச்சி, தன் வேனைத் தவிர எல்லாவற்றையும் நம்பியவர். பள்ளிக்கூடம் வந்ததும் பிச்சைமணி படத்தின் சத்தத்தைக் குறைப்பார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகள் முன்னால் நின்று பிழைப்பு நடத்தியவர்களுக்கு நான் பட்டது புரியும். மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம். கேள்வி கேட்கும் வயதில் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாலே போதும், நீங்களும் எங்கள் கூட்டம்தான்.

காவலுக்கு வந்த அம்மா

கல்யாணமாகாத பெண் இரண்டு ஆண்களோடு வேனில் ஊர் சுற்றுவதா என்று அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அம்மா ஒரு முடிவு சொன்னாள்: முதல் சுற்றுக்குத் தானும் வருவாள். இலாகாவில் யாரையும் கேட்கவில்லை. காலையில் பனையோலை விசிறியும் சாப்பாட்டுத் தூக்குமாக வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தாவீது அண்ணாச்சி, "வாங்கம்மா, வண்டிக்கு ஒரு பாரம் இருந்தாத்தான் ரோட்டைப் பிடிச்சு ஓடும்" என்றார். அதை அம்மா மரியாதையாகவே எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சுற்றில் எங்களிடம் இருந்தது வயிற்றைப் பற்றிய படம். வாயில் போட்ட ரொட்டி எப்படி உள்ளே போகிறது, எங்கே கரைகிறது, மிச்சம் எங்கே போகிறது என்று காட்டும் கோட்டுச் சித்திரம். பள்ளிக்கு ஒரு தடவை என்று அம்மா அதைக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே பார்த்தாள். முதலில் என் மேல் கண் வைத்திருந்தாள். பிறகு பிச்சைமணி மேல். அப்புறம் இருவரையும் மறந்துவிட்டுத் திரையையே பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் திருத்தங்கல் பக்கம் ஒரு பள்ளியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் சுருக்கமாக முடித்துவிட்டு வேனுக்கு வந்தேன். அம்மாவின் முகம் சரியில்லை. பிச்சைமணி ஏதாவது தவறாகப் பேசிவிட்டாரோ என்று பயந்து, "என்னம்மா?" என்றேன்.

"ஏட்டி, பெருங்குடலைச் சொல்லாமலே முடிச்சிட்டியே, தின்னதெல்லாம் நடு வயித்துலயே நிக்குதே, அந்தப் பிள்ளைக என்ன பாடுபடும்?"

அடுத்த சுற்றுக்கு அம்மா வரவில்லை. என்னைப் பற்றிய கவலை தீர்ந்துவிட்டதாம். பெருங்குடலைப் பற்றிய கவலை மட்டும் வெகுநாள் இருந்தது.

பனி

குளிர்காலத்தில் மிருகங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று ஒரு படம். திரை நிறைய பனி. மரத்தில் பனி, கூரையில் பனி, ரோட்டில் பனி. விருதுநகர்ப் பிள்ளைகளுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் எருக்கிலையில் நிற்கும் ஈரம். ஐஸ் என்று சொல்லிப் பார்த்தேன். ஐஸ் குச்சியில் இருக்கும் என்றார்கள். வானத்திலிருந்து வெள்ளையாகப் பூப்பூவாக விழும், கையில் எடுத்தால் தண்ணீராகிவிடும் என்று என்னால் ஆன மட்டும் சொன்னேன். நானும் பார்த்ததில்லை, பார்த்தவள் மாதிரி சொல்ல வேண்டும். அதுதான் இந்த வேலையில் கஷ்டமே.

எல்லாம் புரிந்த மாதிரி அமைதியாகக் கேட்டார்கள். பருத்தி ஜின்னிங் பாக்டரிப் பக்கத்தில் வீடு இருக்கும் ஒரு பெண்பிள்ளை மட்டும் முடிவில் எழுந்து நின்றாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"டீச்சர், அந்த ஊர்ல பஞ்சை அள்ளிப் பொதி கட்டவே மாட்டாகளா?"

அழுத கதை

பகலில் படம் காட்ட இருட்டு வேண்டும். எங்களிடம் கறுப்புத் திரைச்சீலைகள் இருந்தன. ஒரு ஐப்பசி மழையில் அவை நனைந்து, பிழிந்தாலும் நீர் சொட்டும் நிலையில் இருந்தபோது விருதுநகரில் ஒரு பெரிய ஆண்கள் பள்ளியில் போய் இறங்கினோம். ஹாலைச் சுற்றி ஆள் உயர ஜன்னல்கள். தலைமையாசிரியர் கலங்கவில்லை. கமிஷன் மண்டி வைத்திருந்த பழைய மாணவருக்கு ஆள் அனுப்பினார். அரை மணிக்குள் ஒரு மாட்டு வண்டி நிறையச் சாக்குகள் வந்து இறங்கின. ஜன்னலுக்கு ஜன்னல் கட்டினோம். நல்ல கும்மிருட்டு. எல்லாருக்கும் சந்தோஷம்.

அவை மிளகாய் வத்தல் மூட்டை கட்டிய சாக்குகள். படம் ஆரம்பித்துக் காற்று லேசாக வீசியதும் தெரிந்தது. முதலில் ஒரு தும்மல், அப்புறம் வரிசையாக. தேனீ பூவில் உட்காருகிறது, காலில் மகரந்தம் ஒட்டுகிறது என்று நான் சொல்லச் சொல்ல என் கண்ணிலிருந்து நீர் வடிகிறது. ஹால் முழுக்கப் பையன்கள் சட்டையால் முகத்தைத் துடைக்கிறார்கள். பிச்சைமணி மிஷினுக்குப் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒரு பையன்கூட எழுந்து வெளியே போகவில்லை. படத்தை விட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து நானும் நிறுத்தவில்லை.

பள்ளியைப் பார்வையிட வந்திருந்த கல்வி அதிகாரி அந்த நேரம் கதவைத் திறந்தார். இருட்டில் ஹாலே தேம்பிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு தேனீ அசையாமல் பூ மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தணிந்த குரலில் என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, செத்துப்போச்சா?"

இருதய மார்க்

சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளர் தீப்பெட்டி முதலாளி. பெரிய மனிதர், நல்ல மனிதர். எங்கள் வேன் வந்தால் வீட்டிலிருந்து மூவருக்கும் சாப்பாடு வந்துவிடும். அவருடைய தீப்பெட்டிக்கு இருதயம்தான் லேபிள். செக்கச் செவேலென்று, மேலே இரண்டு வளைவு, கீழே ஒரு கூர், நடுவில் ஒரு சுடர். ஊரில் எல்லாருக்கும் அந்தப் படம் தெரியும்.

நாங்கள் போட்டது இருதயம் எப்படி வேலை செய்கிறது என்ற படம். குழாயும் நரம்புமாக, ஒரு பக்கம் சாய்ந்து, புடைத்துப் புடைத்து அடங்கும் நிஜ இருதயம். அன்று சாயங்காலமே முதலாளியின் மகள், எங்கள் படத்தைப் பார்த்த ஐந்தாம் வகுப்புப் பெண், கம்பெனி லேபிள் தப்பு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். சும்மா சொல்லவில்லை, ஒரு கட்டு லேபிளின் பின்பக்கத்தில் சரியான இருதயத்தை வரைந்து மேஜையில் வைத்திருக்கிறாள். மறுநாள் முதலாளி பள்ளிக்கு வந்தார். அவர் படத்தை மறுபடி போடச் சொல்லிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"நீங்க காட்டுறதுதான் நெசம், ஒத்துக்கிடுதேன் டீச்சர். ஆனா இந்த இருதயத்தை லேபிள்ல போட்டா ஒரு பொம்பளை அடுப்புப் பத்தவைக்க மாட்டா."

மேலே போன தண்ணீர்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். தொடர்ந்து மழை பொய்த்திருந்த சமயம். வைப்பாற்றில் மணலைத் தோண்டித் தோண்டிப் பெண்கள் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குள் நுழைந்தோம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். எங்களிடம் அன்றைக்கு இருந்த படமோ மழை எப்படிப் பெய்கிறது என்பது. வேறு டப்பா இருக்கிறதா என்று பிச்சைமணியிடம் கேட்டேன். இல்லை என்றார். அந்த ஊரில் அதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது.

சொன்னேன். சூரியன் காய்கிறது, குளத்துத் தண்ணீரும் கடல் தண்ணீரும் ஆவியாகி மேலே போகிறது, மேகமாகிறது, குளிர்ந்து மழையாக இறங்குகிறது. பள்ளிக்கூட ஜன்னல்களில் சம்சாரிகள் நின்று பார்த்தார்கள். வெடித்த கரிசலில் ஆடும் மாடும் போல அலைந்து களைத்த முகங்கள். திரையில் மழை கொட்டியபோது கேட்டது மிஷின் ஓடும் சத்தம் மட்டும். படம் முடிந்ததும் தலைப்பாகை கட்டிய ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

"எங்க தண்ணி மேல போகுதுங்கிறீக, அதை நாங்களே பாத்துட்டோம் தாயி. எறங்கும்போது எந்த ஊர்ல எறங்குதுன்னு படத்துல சொல்லலையா?"

ஆத்தாளுக்கு ஓய்வு

இருக்கன்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. ஆடித் திருவிழாக் கூட்டம் சேருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு அம்மை குத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றாலே வகுப்பு காலியாகிவிடும். அதனால் முதலில் படத்தைப் போட்டு, பயத்தைத் தெளியவைத்து, அப்புறம் குத்தலாம் என்று தலைமையாசிரியர் யோசனை செய்தார். படம் என்றதும் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பின்னாலேயே அவர்களுடைய அம்மாக்களும் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

படத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பெரியம்மையை ஒரு கிருமி என்கிறார். மாரியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு அதை எப்படித் தமிழில் சொல்வது? கிருமி என்று நான் ஆரம்பித்ததுமே வாசலில் நின்ற ஒரு பெண், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு, என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "நீங்க வேதக்காரவுக. எங்க ஆத்தாளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" பிச்சைமணி மிஷினை நிறுத்திவிட்டார். ஜன்னலைத் திறந்தோம். நான் சொன்னேன்: "எங்க வீட்டுக்கும் ஆத்தா வந்திருக்கா. என் தம்பி மொகத்துல இன்னும் தழும்பு இருக்கு. அப்ப எங்கம்மா ஜெபமும் பண்ணுனாக, வேப்பிலையும் கட்டுனாக. ஒரு கண்ணு போயிருச்சு. ஆத்தாளை வரவேண்டாம்னு நான் சொல்லலக்கா. அவ வந்தா பிள்ளை ஒடம்பு தாங்கணும்ல, அதுக்குத்தான் இது."

தம்பியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தம்பிக்கு எந்தக் கண் என்று கேட்டாள். இடது கண் என்றேன். கையில் பிடித்திருந்த பையனின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு முன்னால் தள்ளினாள்.

"குத்தட்டும். ஆத்தாளும் வீடு வீடா எம்புட்டுத்தான் அலைவா, ஒரு வருசம் உக்காரட்டும்."

கம்பளிக்கு எங்கன போக

சிவகாசிக்கு மேற்கே ஒரு சின்னக் கிராமத்தில் தீயைப் பற்றிய படம் போட்டோம். எரியும் மெழுகுவர்த்தி மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் காற்றில்லாமல் அணைந்துவிடும். பிறகு சீமையில் ஒரு சமையலறை. ஒரு பெண்ணின் கவுனில் தீப்பிடிக்கிறது, இன்னொருத்தி கம்பளியைப் போட்டு மூடித் தரையில் உருட்டுகிறாள். நெருப்போடு பிழைக்கிற ஊர் ஆகையால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். முத்துமாரி என்ற பெண் எழுந்து, "கம்பளிக்கு எங்கன போக டீச்சர்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்வி. அந்த வெயிலில் அந்த ஊரில் கம்பளியை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். "சாக்கு இருக்குல்ல? நனைச்ச சாக்கு. எரியறவங்களை ஓட விடாமக் கீழ தள்ளி, சாக்கைப் போட்டு மூடி உருட்டணும்" என்றேன். வாயால் சொன்னால் மனதில் நிற்காதென்று பிச்சைமணியைத் தரையில் படுக்கச் சொன்னேன். ஜெனரேட்டர் மேல் போட்டிருந்த சாக்கால் பிள்ளைகள் அவரை மூடி உருட்டிய உற்சாகத்தில் அவர் சட்டை கிழிந்தது. அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

தை பிறந்த பிறகு அதே ஊருக்குப் போனோம். வேனிலிருந்து இறங்கும்போதே தலைமையாசிரியர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முத்துமாரியின் அம்மாவுக்கு அடுப்படியில் சேலையில் தீப்பிடித்துவிட்டது என்றார். அவர் மிச்சத்தைச் சொல்லும்வரை வேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அலறிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்திருக்கிறாள். முத்துமாரி காலைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமாகக் கிடந்த சாக்கை உருவிப் போட்டு மூடி, மேலேயே விழுந்து படுத்துவிட்டாளாம். அம்மாவுக்குக் கையும் இடுப்பும்தான் வெந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது வீட்டில் இருக்கிறாளாம்.

அன்றைக்குப் படத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்த வீட்டுக்குப் போனோம். பிச்சைமணியும் வந்தார், வாசலிலேயே நின்றுகொண்டார். முத்துமாரி தீப்பெட்டிக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வெட்கத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டாள். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா கட்டுப்போட்ட கையை ஆட்டி என்னை உட்காரச் சொன்னாள். பெரிய பாரம் ஒன்றை விளையாட்டாக ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டோமே என்று மட்டும் தோன்றியது. முத்துமாரியின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவள் அம்மாதான் பேசினாள்.

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். ஆனா தீ அணைஞ்ச பொறவும் இவ விடலயே, படத்துல எம்புட்டு நேரம் உருட்டுனாகளோ அம்புட்டு நேரமும் என்னைய முற்றத்துல உருட்டிட்டா."

வாசலில் நின்ற பிச்சைமணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அன்று ஜன்னலில் வத்தல் சாக்கு ஒன்றும் இல்லை.

அந்த ஐயா

அறுபதுகளில் ஒரு நாள் தமிழிலேயே பேசும் படங்கள் வந்துவிட்டன. இனி விளக்கம் சொல்ல ஆள் வேண்டாம், நான் சாத்தூருக்குத் திரும்பி வகுப்பெடுக்கலாம் என்று உத்தரவும் வந்தது. கடைசியாக ஒரு தடவை கூடப் போனேன். விருதுநகரில் பெண்கள் பள்ளி ஒன்று. செடி எப்படிச் சாப்பிடுகிறது என்ற படம். நான் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமாகத் திரைக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் முகத்தையே பார்த்துப் பேசிய எனக்கு, எங்கள் படங்கள் இவ்வளவு அழகானவை என்பது அன்றுதான் தெரிந்தது. படத்தில் பேசியவருக்குக் கம்பீரமான குரல். எங்கும் தட்டுத்தடுமாறவில்லை, தொண்டை கட்டவில்லை. சுத்தமான தமிழ். பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு கேட்டார்கள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

விளக்குப் போட்டதும் வழக்கம்போல ஒரு கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. பிச்சைமணி ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒருத்தி திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ராத்திரியில் வெயில் இல்லாவிட்டால் செடிக்குப் பசிக்காதா என்று தெரிய வேண்டுமாம். படத்தில் அதைச் சொல்லவில்லை. யாரைக் கேட்பது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த ஐயாகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும் டீச்சர், அவரு எங்கன இருக்காரு? கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

விஞ்ஞானத்தை இருட்டில் காட்டிவிட்டு வெளிச்சம் வந்ததும் பிள்ளைகளிடம் மாட்டிக்கொள்வது என்று ஓர் உத்தியோகம் இருந்தது, அதை நான் பார்த்தேன்.